பட்டாளத்தை வென்ற பையன்கள்

அமெரிக்காவில் 'புட்பால்' என்றால், நம் ஊர்ப் பிள்ளைகள் உதைத்து விளையாடுகிறார்களே, அந்தக் கால்பந்து அல்ல. நீண்ட உருவமுள்ள பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரே வருகிறவனை முட்டித் தள்ளிவிட்டு ஓடும் முரட்டு ஆட்டம். சடுகுடுவும் மல்யுத்தமும் கலந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அந்த ஆட்டத்தில் 1912-ஆம் வருஷம் ஒரு கோஷ்டி செய்த சாகஸத்தைத்தான் சொல்லப்போகிறேன். அவர்களும் 'இந்தியர்'களே. ஆனால் நாமல்ல, கொலம்பஸின் குழப்பத்தால் அந்தப் பெயரைச் சுமக்க நேர்ந்த அமெரிக்கப் பழங்குடிகள்.

பென்ஸில்வேனியா மாகாணத்தில் கார்லைல் என்று ஓர் ஊர். அங்கே பழைய பட்டாள முகாம் ஒன்றில், பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879-ல் பழங்குடிக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். வந்து சேர்ந்த குழந்தைகளின் தலைமயிரைக் கத்தரித்தார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். பெயரளவில் அது கல்லூரி அல்ல. ஆனாலும் அதன் புட்பால் கோஷ்டி பெரிய பெரிய கல்லூரிகளோடுதான் மோதும். 1911-ல் ஹார்வர்டையே 18–15 என்று ஜெயித்துவிட்டது!

மறு வருஷம் கோஷ்டிக்குத் தலைவர் ஜிம் தார்ப். அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயத்தில் இரண்டு தங்கப் பதக்கங்களைத் தட்டிக்கொண்டு வந்திருந்தார். பயிற்சியாளர் வார்னரோ தந்திரங்களின் களஞ்சியம். அந்தப் பருவத்தில் ஆடியவை 14 ஆட்டங்கள். வெற்றி 12, தோல்வி ஒன்று, சமம் ஒன்று.

அவற்றுள் நவம்பர் 9-ஆம் தேதி நடந்த ஆட்டத்துக்கு ஈடு கிடையாது. இடம், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி. எதிரிகள், நாளைய ராணுவ அதிகாரிகள். ஊண்டட் நீ என்னுமிடத்தில் அமெரிக்கப் படை பழங்குடி ஆண் பெண் குழந்தைகளைச் சுட்டுத் தள்ளி அப்போது 22 வருஷம்கூட ஆகவில்லை. மைதானத்தில் இறங்கிய பையன்களுக்கு அது மறந்திருக்குமா?

முதலில் எல்லைக்கோட்டைத் தாண்டியது ராணுவக் கோஷ்டிதான். அத்தோடு சரி! பெர்கி ஒருமுறை தாண்டினார். அர்க்காசா மூன்று முறை தாண்டினார். தார்ப்பைப் பிடிக்கப் போனவர்கள் புல்லைத்தான் பிடித்தார்கள். ராணுவக் கோஷ்டித் தலைவர் டெவோர் ஆத்திரம் தாங்காமல் ஜோ கயான் என்ற கார்லைல் ஆட்டக்காரர்மீது பாய்ந்து, மைதானத்தை விட்டே வெளியேற்றப்பட்டார். முடிவு 27–6. தோற்ற கோஷ்டியில் ஓர் இளைஞர் இருந்தார். பெயர் ஐஸன்ஹோவர். ஆம், பிற்காலத்தில் ஜனாதிபதியானாரே, அவரேதான்!

ஜெயித்த தார்ப்புக்கு என்ன கிடைத்தது? இரண்டே மாதத்தில் ஒலிம்பிக் பதக்கங்கள் பறிபோயின. 1909, 1910 கோடையில் சொற்பக் கூலி வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினாராம், அதுதான் குற்றம்! மற்றக் கல்லூரி மாணவர்களும் அப்படி ஆடியவர்களே. அவர்கள் பொய்ப் பெயரில் ஆடினார்கள்; இந்த அப்பாவி சொந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடம் 1918-ல் மூடப்பட்டது. 1953 ஜனவரியில் ஐஸன்ஹோவர் ஜனாதிபதிப் பதவி ஏற்றார்; மார்ச்சில் தார்ப் காலமானார். 1982-ல் ஒலிம்பிக் கமிட்டி மனமிரங்கி, அவரையும் வெற்றியாளர் என்று ஒப்புக்கொண்டது, இன்னொருவரோடு கூட்டாக. முதலிடம் தார்ப் ஒருவருக்கே உரியது என்று அறிவிக்க 2022 வரை ஆயிற்று.