பவர் ஹேமர் எப்படி இயங்குகிறது? உரலைப் பார்த்தால் புரியும்

உரலில் மாவு இடித்துப் பழகிய கை உலக்கையைச் சும்மா விழ விடாது. மேலே போனதைக் கீழே எறியும். மாவைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் பிடியைத் தளர்த்தும். அடி விழுந்ததும் உலக்கை லேசாக எழும்புமே, அந்தத் துள்ளலோடு சேர்த்து மறுபடி தூக்கும். எறிவது, தளர்த்துவது, துள்ளலைப் பிடிப்பது. இரும்படிக்கும் பவர் ஹேமர் செய்வதும் இந்த மூன்றைத்தான். அதற்குள் இருக்கும் சக்கரம், தண்டு, ஸ்பிரிங், பெல்ட் எல்லாம் இந்த மூன்றையும் ஒரு நிமிடத்தில் முந்நூறு முறை செய்வதற்கான ஏற்பாடுதான்.

வரலாற்றிலும் இரண்டும் ஒரே குடும்பம். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் ஹுவான் டான் என்ற அறிஞர் தம் 'சின் லுன்' நூலில் அந்தப் பரம்பரையைச் சொல்லியிருக்கிறார். முதலில் கையால் குத்தும் உரல் உலக்கை. அடுத்து உடம்பின் பாரத்தையே போட்டு மிதிக்கும் சாய்வு உலக்கை. அதற்கடுத்து அதைக் கழுதையும் மாடும் குதிரையும் இயக்கின. பிறகு ஓடும் தண்ணீர். காலால் மிதிக்கும் அந்த உலக்கை வங்காளக் கிராமங்களில் டேங்கி என்ற பெயரில் நெல் குத்தியிருக்கிறது. அதன் நுனியில் இரும்புத் தலையை மாட்டி, வாலை நீர்ச்சக்கரத்தின் பற்கள் அமுக்கும்படி வைத்தால் அது கொல்லுப் பட்டறைக்குப் போய்விடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அபிடேல் என்ற பழைய அரிவாள் ஆலையில் அப்படிப்பட்ட சுத்தியல்களை இன்றும் பார்க்கலாம். 1839இல் ஜேம்ஸ் நாஸ்மித் நீராவிச் சுத்தியலுக்கு வரைபடம் போட்டார். அடுத்த ஆண்டே பிரான்சின் லெ குருசோ ஆலையில் ஒன்று எழுந்து நின்றது. ஆனால் அது கப்பல் தண்டு அடிக்கும் ஆலைகளுக்கான அளவு. ஒரு கொல்லரும் ஓர் உலையும் இருக்கும் பட்டறைக்கு ஏற்ற எந்திரம் வேறு வழியாக வந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் மன்கேட்டோ ஊரில் மேயர் சகோதரர்கள் செய்த 'லிட்டில் ஜயன்ட்' அந்த வகையில் பெயர்பெற்றது. தலையின் எடை 25 பவுண்டு முதல் 500 பவுண்டு வரை பல அளவுகளில் விற்றார்கள். அவர்களுடைய எந்திரங்கள் இன்னும் பல பட்டறைகளில் அடித்துக்கொண்டிருக்கின்றன. இயக்கத்தை விளக்க அதையே எடுத்துக்கொள்கிறேன்.

மோட்டார் ஒரு பெல்ட் வழியாக மேலே உள்ள சக்கரத்தைச் சுற்றுகிறது. காலால் மிதிபலகையை அமுக்கினால் கிளட்ச் பிடிக்கும், கிராங்க் சுழலும், அதிலிருந்து தொங்கும் தண்டு மேலும் கீழும் போகும். அந்தத் தண்டை நேரடியாகச் சுத்தியல் தலையோடு இணைத்துவிட முடியாது. உலக்கையை மணிக்கட்டு அசையாமல் இறுக்கிப் பிடித்து இடித்தால் அதிர்ச்சி முழுவதும் தோளுக்குத்தான் வரும். எந்திரத்தில் அதே தவறைச் செய்தால் முதல் அடியிலேயே கிராங்க் போய்விடும். அடியில் வைக்கும் இரும்பு ஒவ்வொரு முறையும் ஒரே தடிமனில் இருப்பதும் இல்லை. ஆகவே நடுவில் ஒரு மணிக்கட்டு வேண்டும். லிட்டில் ஜயன்டில் அது ஒரு தடித்த சுருள் ஸ்பிரிங்கும், இருபுறமும் மடங்கும் கைகளும் சேர்ந்த அமைப்பு. தண்டு மேலே போய்த் திரும்பிய பிறகும் தலை போன வேகத்தில் இன்னும் மேலே போகப் பார்க்கும். கைகள் மடங்கி ஸ்பிரிங் இறுகும். இறுகிய ஸ்பிரிங் விரியும்போது தலையைக் கீழே வீசும்.

இதனால் புதிதாகப் பார்ப்பவர்களைத் திகைக்கவைக்கும் ஒரு விஷயம் உண்டு. எந்திரத்தை நிறுத்தி, கிராங்க்கைக் கையால் சுற்றி அடிநிலைக்குக் கொண்டுவந்தால் தலையின் அடியில் மாட்டியிருக்கும் அடிமுகம், அதாவது மேல் டை, அடிக்கவேண்டிய இரும்பைத் தொடாது. இடைவெளி இருக்கும். அது கோளாறு இல்லை. ஓடும்போது தலை எட்டி அந்த இடைவெளியைக் கடந்து அடிக்கும். மெதுவாக ஓட்டினால் தலை எட்டுவது குறைவு, அடி மென்மை. வேகமாக ஓட்டினால் எட்டுவதும் கூடும், அடியும் கூடும். கனமான இரும்பு வைக்கும்போது தண்டின் நீளத்தைச் சரிசெய்து இடைவெளியைக் கூட்டவேண்டும். இதைச் செய்யாமல் "எந்திரத்துக்குச் சக்தி இல்லை" என்று குறைசொல்பவர்கள் ஏராளம்.

வீசுவதற்கும் விழவிடுவதற்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ தலை 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தானாக விழுந்தால் சுமார் 45 ஜூல் ஆற்றலோடு இறங்கும். ஸ்பிரிங் அந்த வேகத்தை இரட்டிப்பாக்கினால் 180 ஜூல். எடை ஏறவில்லை, அடி நான்கு மடங்கு ஏறிவிட்டது.

ஆனாலும் பவர் ஹேமரைப் பற்றிப் பேச்செடுத்தாலே "தலை எத்தனை கிலோ?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, கீழே இருப்பது எத்தனை கிலோ என்பது. கல்லுரலை நினைத்துக்கொள்ளுங்கள். அதை முற்றத்தில் பாதி புதைத்து நட்டுவைத்தார்கள். லேசான மர உரலில் அதே உலக்கையால் இடித்தால் உரல் ஆடும், நகரும், மாவு மெள்ளத்தான் மசியும். கையின் உழைப்பு உரலை நகர்த்துவதில் போய்விடுகிறது. பவர் ஹேமரில் உரலின் இடம் கீழ் டையைத் தாங்கும் பட்டடைக்கு.

கணக்கு எளிது. பழுத்த இரும்பின்மேல் துள்ளல் இல்லாமல் அடி விழுவதாகக் கொண்டால், பட்டடை எடையை, பட்டடையும் தலையும் சேர்ந்த எடையால் வகுத்தால் இரும்புக்குப் போய்ச்சேரும் பங்கு கிடைக்கும். பட்டடை தலையைப்போல் மூன்று மடங்கு என்றால் 75 சதவீதம். ஐந்து மடங்கு என்றால் 83. பத்து மடங்கு என்றால் 91. இருபது மடங்கு என்றால் 95. மிச்சம் தரையை அதிரவைத்து, பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசலாகப் போய்ச்சேரும். பத்து மடங்குக்குக் கீழே இறங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பதினைந்து கிடைத்தால் நல்லது. இருபதுக்கு மேல் செலவழிக்கும் காசுக்குப் பலன் குறைவு.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். அது அடி விழும் இடத்துக்கு நேர்கீழே, ஒரே துண்டாக நிற்கவேண்டும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கெட்டி எஃகு உருளை ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 247 கிலோ வரும். 25 கிலோ தலைக்கு அது போதும். பழைய இரும்புக் கடைகளில் தேடினால் உடைந்த எந்திரத் தண்டு ஒன்று கிடைக்காமல் போகாது. பலகைத் தகடுகளை அடுக்கி ஓரத்தில் மட்டும் வெல்டு வைப்பது, குழாய்க்குள் கான்கிரீட் நிரப்புவது இரண்டும் எடையைத் தரும், கெட்டித்தன்மையைத் தராது. தகடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளி ஒவ்வோர் அடியிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

அடித்தளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுத்தியலுக்கான கான்கிரீட் கட்டையைப் பட்டறைத் தரையோடு ஒட்டாமல் தனியாகப் போடுங்கள். பட்டடைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே கெட்டி மரமோ பழைய கன்வேயர் பெல்ட்டோ இருக்கட்டும். நம் ஊரில் மரத்தைக் கறையானும் மழைநீரும் விட்டுவைக்காது, பெல்ட் நல்லது.

எந்த வகையை வாங்குவது? ஸ்பிரிங் வகை மலிவு, வீட்டு மோட்டாரிலேயே ஓடும். லிட்டில் ஜயன்டின் சிறிய அளவுகளுக்கு ஒன்றிரண்டு குதிரைத்திறனே போதுமாக இருந்தது. காற்றில் இயங்கும் வகையில் ஒரே உடலுக்குள் இரண்டு உருளைகள். ஒன்றில் மோட்டார் இயக்கும் பிஸ்டன் காற்றை அமுக்கும், மற்றொன்றில் அந்தக் காற்று தலையைத் தூக்கும், வீசும். ஃபிலடெல்ஃபியாவின் நாஸல், ஜெர்மனியின் பெஷே, இன்று சீனத்தின் அன்யாங் எல்லாம் இந்த வகை. இரும்பு எத்தனை தடிமனானாலும் தண்டின் நீளத்தை மாற்றாமலே வேலை செய்யும் என்பது இதன் பெரிய வசதி; விலை அதற்கேற்றபடி. தனி கம்ப்ரஸரில் ஓடும் எளிய காற்றுச் சுத்தியலும் உண்டு. செய்வது சுலபம், ஆனால் காற்றைக் குடிக்கும். சின்ன கம்ப்ரஸரை வைத்துக்கொண்டு அதில் இறங்கவேண்டாம்.

கத்தி, உளி செய்பவருக்கு 12 கிலோ தலை போதும். அரிவாள், கோடரி, மண்வெட்டிக்கு 25 கிலோ வேண்டும். அதற்குமேல் போகுமுன் உங்கள் உலை அந்த அளவு இரும்பைக் காய்ச்சித்தருமா என்று பாருங்கள். உலை தராத சூட்டைச் சுத்தியல் ஈடுகட்டாது.

ஆனால் எடையைவிட நான் முதலில் பார்ப்பது கட்டுப்பாட்டை. கண்ணாடிக் கிண்ணத்தில் முட்டையை வைத்து, கிண்ணம் உடையாமல் ஓட்டை மட்டும் உடைத்துக்காட்டுவது நாஸ்மித் காலச் சுத்தியல்களின் புகழ்பெற்ற வித்தை. உங்கள் எந்திரம் முட்டை உடைக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரே ஓர் அடி, அதுவும் தொட்டும் தொடாமலும் ஓர் அடி போட்டு நிற்கத் தெரியவேண்டும். மிதியிலிருந்து காலை எடுத்ததும் அழையாத இரண்டு அடி சேர்ந்து விழுந்தால் வேலையும் கெடும், விரலும் போகும்.

சொந்தமாகச் செய்பவர்களுக்கு: அமெரிக்கக் கொல்லர்களிடையே கார் டயரைக் கிளட்சாக வைக்கும் ஒரு வடிவம் பரவியிருக்கிறது. மிதியை அமுக்கினால் மோட்டாரின் உருளை டயரின்மேல் அழுந்தும், டயர் சுற்றும், அதுவே கிராங்க். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் வேகம் கூடிக் குறையும். அழகான யோசனை. நம் பக்கத்தில் அதைவிட எளிதாகக் கைக்கு வருவது லாரியின் ஸ்பிரிங் பட்டை. அரிவாள் அடிக்கும் அதே பட்டைகளை அடுக்கி, நடுவில் தாங்கி, பின்நுனியைக் கிராங்க் இழுக்க, முன்நுனியில் தலையைத் தொங்கவிட்டால் பட்டைதான் மணிக்கட்டு. ஒன்றை மறக்காதீர்கள்: பட்டையின்மேல் எங்கும் வெல்டு வைக்கக்கூடாது, துளையும் போடக்கூடாது. வெல்டு வைத்த இடம் கண்ணாடிபோல் நொறுங்குதன்மை அடைந்து அங்கேதான் ஒடியும். யூ போல்ட்டால் கட்டுங்கள். கிளட்சுக்குத் தளர்ந்த பெல்ட்டை அமுக்கும் உருளை போதும். அதோடு காலை எடுத்ததும் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக்கும் கட்டாயம். ஸ்பிரிங் எதுவானாலும் சுற்றி வலுவான கூண்டு வேண்டும். ஒடிந்த ஸ்பிரிங் தலைமட்டத்தில்தான் பறக்கும்.

டைகளுக்கு வருவோம். உலக்கையில் நெல் குத்த ஒரு முனை, மாவு இடிக்க மறு முனை என்று வைத்திருந்ததற்குக் காரணம், முனையின் வடிவம்தான் அடியைத் திசைதிருப்புகிறது. பவர் ஹேமரிலும் தட்டை டை பரப்பைச் சமமாக்கும். முதுகு வளைந்த டை இரும்பை அந்த முதுகுக்குக் குறுக்காக நீளவைக்கும். நீட்டும் வேலைக்குத் தட்டை டையைப் போட்டு மணிக்கணக்கில் அடிப்பது மின்சாரத்தையும் கரியையும் வீணாக்குவது. எச்13 எஃகு சூட்டிலும் கடினம் இழக்காது; ஈஎன்24 கொஞ்சம் மலிவு, நன்றாகவே உழைக்கும். வெறும் டைமேல் டை அடிக்கவிடாதீர்கள். இரும்பு கருஞ்சிவப்புக்கு ஆறியபிறகும் அடிக்காதீர்கள். அடி முழுவதும் டைக்கும் தண்டுக்கும் திரும்பிவிடும்.

பராமரிப்பில் பாதி எண்ணெய்தான். பழைய எந்திரங்களில் விட்ட எண்ணெய் வழிந்து போகும், மறுபடி விடவேண்டும். வேலை தொடங்குமுன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை. உதிரும் இரும்புச் செதில் எண்ணெயோடு குழைந்து தலையின் வழிகாட்டிகளுக்குள் புகுந்தால் உப்புத்தாள்போல் தேய்க்கும், ஆகவே மாலையில் துலக்கிவிட்டுப் போங்கள். டையை இறுக்கும் ஆப்பு புதிதாக அடித்த முதல் மணிநேரத்தில் தளரும், மறுபடி அடியுங்கள். டை மாற்றும்போது மோட்டாரை நிறுத்துவதோடு தலைக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக்கொடுங்கள். குறட்டின் கைப்பிடி எப்போதும் இடுப்புக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், வயிற்றுக்கு நேரே வேண்டாம். காதுக்கு அடைப்பு போடுங்கள். சம்மட்டி பிடிக்க ஆள் இல்லாமல் வீட்டுப் பெண்களே தோள் தேய அடிக்கும் பட்டறைகள் இருக்கின்றன. அந்தத் தோளைக் காக்க வாங்கும் எந்திரம் செவியைப் பறிக்கக்கூடாது.

பழைய எந்திரம் வாங்கப் போகிறவர்கள் ஒரு டார்ச்சும் மென்மையான மரத்துண்டும் எடுத்துப்போங்கள். டை உட்காரும் பள்ளத்தின் மூலைகளில் டார்ச் அடித்து விரிசல் தேடுங்கள். அங்கே வெல்டு வைத்த தடம் இருந்தால் திரும்பிவிடுங்கள். தலையைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். வழிகாட்டியில் ஆட்டம் இருந்தால் தகடு வைத்துச் சரிசெய்யலாம், கிராங்க் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் செலவு பெரிது. பிறகு மோட்டாரைப் போடச்சொல்லி, மரத்துண்டைக் குறட்டால் பிடித்து டைமேல் வைத்து, ஒரே அடி மெதுவாகப் போடச் சொல்லுங்கள். துண்டில் மெல்லிய தடம் மட்டும் விழுந்தால் விலையைக் கேட்கலாம்.