ஒரு பிரெஞ்சுச் சிலையின் மதிப்பு

ஈரோட்டில் ஜவுளி வணிகம் செய்துவரும் நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் என்னைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். கூடத்து மேசைமீது இரண்டடி உயரமுள்ள பெண் சிலை ஒன்று நின்றது. 1954ஆம் ஆண்டு புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி முடிவுற்ற சமயம், அங்கே ஓர் ஏலத்தில் தம் பாட்டனார் அதை வாங்கி வந்ததாக அவர் கூறினார். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக அதை விற்க எண்ணியிருந்தார். “அசல் வெண்கலம், இலட்சக்கணக்கில் போகும்” என்றார் ஒரு வணிகர். “பழைய உலோகம், எடைக்குத்தான் எடுப்பேன்” என்றார் மற்றொருவர். எது மெய் என்பதே நண்பரின் கேள்வி.

பழஞ்சிலையை மதிப்பிடும்போது விலையைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். முதலில் கேட்க வேண்டியது, ‘இச்சிலை யாரைக் குறிக்கிறது?’ என்பது. கையில் வீணை இருந்தால் கலைமகள் என்று நாம் அறிந்துகொள்கிறோம். ஐரோப்பியச் சிற்பிகளும் அவ்வாறே நீதி, நம்பிக்கை, வளமை போன்ற கருத்துகளுக்குப் பெண்ணுருக் கொடுத்தார்கள். துலாக்கோல் நீதிக்கும், நங்கூரம் நம்பிக்கைக்கும் அடையாளம். இவற்றை உருவகச் சிலைகள் என்கிறோம். பிரெஞ்சுச் சிற்பி பர்த்தோல்தி உருவாக்கி, 1886ஆம் ஆண்டு நியூயார்க்கில் திறக்கப்பெற்ற விடுதலைச் சிலை இவ்வகையினதே. நண்பர் வீட்டுச் சிலையின் கையில் சுத்தியலும் காலடியில் பற்சக்கரமும் இருந்தன. ஆகவே, அவள் தொழிலின் உருவகம். தறியோசை கேட்கும் ஊருக்கு அவள் வந்து சேர்ந்தது பொருத்தமே.

அடுத்த கேள்வி உலோகத்தைப் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் வசதியுள்ள குடும்பங்கள் பெருகின. வீட்டை அலங்கரிக்கச் சிலைகள் பலருக்கும் வேண்டியிருந்தன. வெண்கலத்தின் விலையோ அதிகம். ஆதலால் துத்தநாகத்தில் சிலை வார்த்து, வெண்கலம்போலத் தோன்றும்படி மேற்பூச்சிட்டார்கள். செம்பு உருக ஏறத்தாழ 1,085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். துத்தநாகத்திற்கு 420 டிகிரியே போதும். வார்ப்பதும் எளிது, செலவும் குறைவு. சிலையின் உறுப்புகளைத் தனித்தனியே வார்த்துப் பற்றாசினால் இணைத்தார்கள்.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது எப்படி? வெண்கலத்தைத் தட்டினால் மணியோசை நீளும். துத்தநாகத்தின் ஒலி மந்தமாக அடங்கும். பூச்சு தேய்ந்த இடத்தில் வெண்கலம் பொன்னிறமாகத் தெரியும். துத்தநாகம் சாம்பல் நிறமாகத் தெரியும். காந்தம் இங்கே உதவாது. இரண்டுமே அதில் ஒட்டுவதில்லை. எடையை மட்டும் நம்பவும் கூடாது. இத்தகைய சிலைகள் பெரும்பாலும் உள்ளே கூடானவை. நண்பர் வீட்டில் எனக்குச் சோதனையே தேவைப்படவில்லை. முந்திய பொங்கலின்போது சிலையின் தோளைப் புளியிட்டுத் துலக்கியிருந்தார்கள். அவ்விடத்தில் பூச்சுப் போய்ச் சாம்பல் நிறம் தெரிந்தது. புளியின் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். உண்மை தெரிந்தது, ஆனால் சிலைக்கு ஊறு நேர்ந்துவிட்டது.

மூன்றாவது, பீடத்திலுள்ள எழுத்துகள். சிற்பியின் பெயர் இருந்தால் அவரே தம் கையால் செய்தார் என்று கொள்ளலாகாது. நம் சோழர் காலத்து மெழுகு வார்ப்பில் ஒரு மெழுகுருவிலிருந்து ஒரே சிலைதான் பிறக்கும். மெழுகு உருகி அழிந்துவிடும். பிரான்சிலோ, கொலாஸ் என்பார் ஒரு சிலையைச் சிறிய அளவில் பிரதி எடுக்கும் இயந்திரத்தை அமைத்தார். 1838ஆம் ஆண்டில் அவரும் பார்பதியென் என்பாரும் கூட்டாகத் தொழில் தொடங்கினர். பின்னர் புகழ்பெற்ற சிலைகளின் பிரதிகள் வீடுகள்தோறும் புகுந்தன. நம் சிலையின் பீடத்தில் ‘பிரான்சில் செய்யப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்னும் அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே சிலை பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதாகவே இருக்கும்.

நான்காவது, வந்த வழி. ஏலச்சீட்டு ஏதும் கிடைக்கவில்லை. ஆனால் 1958ஆம் ஆண்டுத் திருமணப் புகைப்படம் ஒன்றில் மணமக்களின் பின்னே இச்சிலை தெரிந்தது. கேட்ட கதையைவிடக் கண்ணால் காணும் சான்று வலியது.

நூறாண்டு கடந்த சிலை, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். உரிய அனுமதியின்றி அதை அயல்நாட்டுக்கு அனுப்புவது குற்றம். இதையும் நண்பரிடம் எடுத்துக் கூறினேன்.

“இது வெண்கலம் அன்று, இலட்சம் பெறாது. ஆயினும் எடைக்குப் போடத்தக்கதும் அன்று” என்றேன். நண்பரின் முகம் வாடியது. “வெண்கலம் என்று கேட்பவரிடம் அப்படியே விட்டுவிட்டால் என்ன?” என்று மெல்லக் கேட்டார். அவர் மகள்தான் மறுமொழி சொன்னாள்: “வேண்டாம் அப்பா, உள்ளதை எழுதியே விற்போம்.” உலோகம், உயரம், பொறிப்பு, தோளில் நேர்ந்த ஊறு, புகைப்படச் சான்று எல்லாவற்றையும் அவளே ஒரு தாளில் எழுதினாள். அத்தாளைப் பார்த்து வாங்கியவர் கொடுத்த தொகை, அவளது முதற்பருவக் கட்டணத்திற்குப் போதியதாக இருந்தது.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பழஞ்சிலை ஏதேனும் இருக்கலாம். அதைத் துலக்கப் புளியை எடுப்பதற்கு முன், விவரங்களைக் குறித்துக்கொள்ளத் தாளையும் எழுதுகோலையும் எடுங்கள்.