இறுதி ஐந்து கிலோ ஏன் இறங்க மறுக்கிறது?

எடையைக் குறைக்க முனைந்து, உணவைக் கட்டுப்படுத்தி, பஜ்ருத் தொழுகைக்குப்பின் நாள்தோறும் நடந்துவரும் சகோதரிகள் பலரிடமிருந்து எழும் கேள்வி ஒன்றுண்டு. "முதல் மாதத்தில் நான்கு கிலோ இறங்கிற்று. இன்றும் அதே உணவு, அதே நடை. ஆயினும் ஒரு கிலோ இறங்குவதற்கே ஒரு மாதம் ஆகின்றதே, ஏன்?" வீட்டிலுள்ளோரோ, "யாருக்கும் தெரியாமல் அடுக்களையில் தின்கிறாய் போலும்!" என்று கேலி பேசுகின்றனர். இக்கேலி பெரும்பாலும் அநியாயமானது.

முதல் மாதத்து வேகமே ஒருவகையில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்னும் பொருளாகச் சேமித்து வைக்கின்றன. அரைக் கிலோ அளவேயுள்ள இச்சேமிப்பின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கிறது. உணவு குறைந்ததும் முதலில் கரைவது இதுவே. கூடவே அந்நீரும் வெளியேறுகிறது. தராசில் இறங்கியது எடைதான். ஆனால் அதில் கொழுப்பு எவ்வளவு என்பது வேறு கணக்கு. ரமளானில் குறைந்த எடையின் ஒரு பகுதி, ஷவ்வாலில் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிடுவதற்கும் இது ஒரு காரணமாகும்.

அடுத்தது எளிய கணக்கு. 45 வயதும் 155 சென்டிமீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உடைய ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். வீட்டு வேலைகளோடு அவருடைய உடல் ஒரு நாளில் செலவிடுவது சுமார் 1,930 கலோரி. அவர் 1,500 கலோரி உண்டால், 430 கலோரி உடற்கொழுப்பிலிருந்து வந்தாக வேண்டும். மாதத்திற்கு ஏறக்குறைய 1¾ கிலோ குறையும். அவரே 65 கிலோவுக்கு வந்துவிட்டால், சுமந்து திரியும் பாரம் குறைந்துவிட்டதால் உடலின் செலவும் 1,720 கலோரி அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. அதே 1,500 கலோரி உணவில் இப்போது கிடைக்கும் பற்றாக்குறை 220 தான். வேகம் பாதியாகிவிட்டது! அவர் ஒரு கவளம்கூட அதிகம் உண்ணவில்லை என்பதைக் கேலி பேசுவோர் கவனிக்க வேண்டும்.

கதை இத்துடன் முடியவில்லை. 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் அரைப்பட்டினி உணவளித்து ஆராய்ந்தார். போரினால் பட்டினியில் வாடிய மக்களை மீட்பது எவ்வாறு என்பதை அறிவதே நோக்கம். அவர்கள் உடல் எடையில் கால் பங்கை இழந்தனர். எனினும் தொடக்கத்தில் விரைந்து இறங்கிய எடை, இறுதி வாரங்களில் ஏறத்தாழ நின்றேவிட்டது. கோடைக்காலத்திலும் அவர்களுக்குக் குளிரெடுத்தது. இதயத் துடிப்பு மெதுவாயிற்று. எந்நேரமும் உணவைப் பற்றிய நினைவே. உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பஞ்சம் வந்துவிட்டதென்று உடல் அஞ்சுகிறது. நாமாக விரும்பிக் குறைக்கிறோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் சுரப்பியத்தின் மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தி இது. கொழுப்பு கரையக் கரைய லெப்டின் குறைகிறது. மூளை பசியைக் கூட்டிச் செலவைக் குறைக்கிறது. எடை குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அளவு பசி கூடுவதாக 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வறுக்கும் சட்டியில் கூடுதலாக விழும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. எடை கூடுதலாக இருந்தபோது இத்தகைய சிறு கசிவுகளைப் பெரிய பற்றாக்குறை மறைத்துவிட்டது. இப்போது வலீமா விருந்தின் ஒரு தட்டு நெய்ச்சோறு, நான்கைந்து நாள் முயற்சியை விழுங்கிவிடக்கூடும்.

இந்நிலையில்தான் ஆபத்தான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. காலை உணவை விடுவோர் ஒருபுறம். கஞ்சியை மட்டும் குடித்து நாளைக் கழிப்போர் மறுபுறம். இத்தகைய கடும்பட்டினியில் தசையும் கரைந்துவிடுகிறது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கமுறும் அபாயமும் உண்டு. அதைவிட, தட்டில் சோற்றைச் சற்றுக் குறைத்துப் பருப்பு, மீன், முட்டை, காய்கறியைக் கூட்டுவதும், தசைக்கு வேலை தரும் பயிற்சியை வாரம் இருமுறை சேர்ப்பதும் மேலானவை. வயிற்றை மூன்றாகப் பகுத்துக்கொள்ளும் நபிமொழி நம் வீடுகளில் அறியாதார் இலர். ஆனால் விருந்துப் பந்தியில்தான் அது மறந்துபோகிறது!

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இறுதி ஐந்து கிலோ உண்மையிலேயே வேண்டுமா? 2002இல் அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காகக் கொண்டோருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோ அளவே. நம் சகோதரி அதைப்போல் இருமடங்குக்கும் மேல் குறைத்துவிட்டார். இனி அவர் தராசில் தினமும் ஏறி மனம் நொந்துகொள்ளத் தேவையில்லை. வாரம் ஒரு நாள், வெறும் வயிற்றில், அதே தராசில் பார்த்துக் குறித்து வந்தால் போதும். ஒரு மாதம் எண் நகராமல் நின்றாலும், அது ஏறாமல் நின்றதே என்று மருத்துவரிடம் தயங்காமல் சொல்லலாம்.