கம்பெனி வாசலை மிதிக்காமலே வேலை!



"நேர்முகத் தேர்வுக்கு நேர்ல போக வேண்டாமாம், ட்ரெயினிங்கும் வீட்டிலேயேதானாம்!" என்று யாராவது சொன்னால், "போடா, ரீல் விடாதே" என்போம். ஆனால் இது நடந்த கதை. எப்படி என்று பார்ப்போமா?

மெய்நிகர் உலகம் என்பது கணிப்பொறிக்குள் முப்பரிமாணத்தில் கட்டிய ஓர் ஊர். அதில் நமக்காக நடமாடும் பொம்மை உருவத்துக்கு 'அவதார்' என்று பெயர். நம்ம ஊர்ச் சொல்தான்! அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-ல் 'செகண்ட் லைஃப்' என்ற உலகத்தைத் திறந்தது. 2007-ல் அதற்குள்ளேயே வேலைவாய்ப்பு முகாம் நடந்தது. ஹெச்.பி., மைக்ரோசாஃப்ட், வெரிஸான் போன்ற நிறுவனங்கள் பங்கேற்றன. அவதாரும் அவதாரும் எதிரெதிரே உட்கார, டைப் அடித்தே பேட்டி! ஒருவர் பயோடேட்டாவை நீட்டுவதற்குப் பதில் பீரை நீட்டிவிட்டாராம். சிரிப்பு வந்தாலும் பாடம் இருக்கிறது: கருவி பழகாதவனுக்கு, விஷயம் தெரிந்தும் வாய்ப்பு நழுவலாம்.

பயிற்சிக்கு வருவோம். இதன் வேர் பழையது. 1929-ல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையில் பழகிய காற்றுத் துருத்திகளை வைத்தே, தரையில் நின்றபடி ஆடும் விமானப் பயிற்சிக் கருவியைச் செய்தார். முதலில் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1934-ல் தபால் சுமந்த ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் இறந்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது. தத்துவம் ஒன்றே: தப்பு செய்தாலும் உயிர் போகாத இடத்தில் தப்பு செய்து கற்றுக்கொள்!

அதே தத்துவம்தான் இன்று தலையில் மாட்டும் ஹெட்செட்டில். 2018-ல் வால்மார்ட் தன் கடைகளுக்கு 17,000 ஹெட்செட் அனுப்புவதாக அறிவித்தது. கூட்ட நெரிசலைச் சமாளிப்பதைக்கூட அதில் பழகலாம். 2021-ல் அக்சென்ச்சர் 60,000 வாங்க முடிவு செய்தது. ஊர் ஊராக இருக்கும் புது ஆட்கள் ஒரே மெய்நிகர் வளாகத்தில் சந்தித்துக்கொள்ளத்தான்.

"அதெல்லாம் சாஃப்ட்வேர்காரங்களுக்குப்பா, மெக்கானிக்கல் நமக்கு என்ன?" என்கிறீர்களா? வெல்டிங்குக்கே இது வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் திரை, கையில் நிஜம் போன்ற டார்ச். பிடிக்கும் கோணம், நகர்த்தும் வேகம், இடைவெளி எல்லாவற்றையும் கருவி அளந்து மார்க் போடும். எலெக்ட்ரோடு செலவில்லை, ஸ்கிராப் இல்லை. ஆனால் நிஜ ஆர்க்கின் சூடு, தெறிக்கும் பொறி இதில் வராது. ஆகவே கடைசியில் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தே தீரவேண்டும்.

குறைகளும் உண்டு. கண் ஓடுவதைப் பார்க்கிறது, காதின் உட்பகுதி அசைவை உணரவில்லை. அதனால் சிலருக்குத் தலைசுற்றும். தலையும் கையும் அசைவதை ஹெட்செட் பதிவு செய்கிறது. அந்தப் பதிவு யாரிடம் போகிறது என்று கேட்பது நம் உரிமை. எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல இணைப்பும் கருவியும் இல்லாத கிராமத்து மாணவன் திறமை இருந்தும் வாசலிலேயே நிற்பான். ஆகவே கல்லூரி லேபில் நாலு பேருக்கு ஒன்றாவது வேண்டும் என்று யூனியன் மூலம் கேட்போம்.

இன்னொன்று: முகம் பார்க்காத வேலை என்றால் ஏமாற்றுக்காரனுக்கும் வசதிதான். "ட்ரெயினிங் ஃபீஸ் கட்டு" என்றால் உஷார்!

உலகம் மெய்நிகராக இருக்கலாம். வெர்னியரில் அளவு எடுக்கும் கை நிஜமாக இருக்கட்டும். தொழில் கையில் இருந்தால், வாசல் எந்த உலகத்தில் இருந்தாலும் திறக்கும்!