முயலுக்குக் கண் கலங்கினா முதல்ல வாயைப் பாருங்க

"கண்ணுல தண்ணி வடியுதுங்க, என்ன சொட்டு மருந்து ஊத்தலாம்?" வீட்டுல ஆசைக்கு ஒண்ணு ரெண்டு முயல் வளர்க்கிறவங்க என்கிட்ட அதிகமா கேட்கிற கேள்வி இதுதான். நான் மருத்துவர் இல்லை. அரும்பாவூர்ல சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பண்ற விவசாயி. தோட்டத்துல பல வருசமா முயல் இருக்கிறதால கேட்கிறாங்க. நான் திருப்பிக் கேட்கிறது ரெண்டே கேள்விதான். என்ன தீனி போடுறீங்க? கூண்டுகிட்ட குனிஞ்சா மூக்குல நெடி ஏறுதா?

முயலுக்கு மொத்தம் 28 பல். அத்தனையும் ஆயுசு முழுக்க வளர்ந்துகிட்டே இருக்கும். முன்பல் மட்டும் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். நார் உள்ள புல்லை மணிக்கணக்கா அரைச்சு மென்றால்தான் அது தேயும். சோறு, பொட்டுக்கடலை, பிஸ்கட், மக்காச்சோளம்னு கொடுத்தா வயிறு நிறையும், பல் தேயாது. தேயாத பல் வாய்க்குள்ள நீளுறதோட நிக்காது, வேர்ப்பக்கமும் தள்ளும். இங்கேதான் கண் வருது. முயலுக்கு ஒவ்வொரு கண்ணுலயும் கீழ் இமையோரம் ஒரே ஒரு துளை. கண்ணீர் அது வழியா இறங்கி, மெல்லிசான ஒரு குழாய்ல மூக்குக்குப் போகுது. அந்தக் குழாய் மேல் பற்களோட வேரை ஒட்டியே ஓடுது. வேர் அழுத்தினா குழாய் அடைபடும். மடை அடைச்சா தண்ணி வரப்பு மேல வழியிற மாதிரி, கண்ணீர் கன்னத்துல வழியும். முடி நனைஞ்சு கொட்டும், தோல் புண்ணாகும், கடைசியில சீழ் கட்டும். இதுக்குக் கண்ணுல மருந்து ஊத்தி என்ன ஆகப்போகுது?

அதனால தீனியில முக்கால் பங்குக்கு மேல புல் இருக்கணும். அருகம்புல், வரப்புப் புல், கம்பு நேப்பியர் எதுவா இருந்தாலும் சரி. பச்சையும் போடலாம், நிழல்ல காய வெச்சும் போடலாம். எந்நேரமும் கூண்டுல இருக்கட்டும். இதுக்கு மேல முயலோட ஒரு கிலோ எடைக்கு ஒரு கைப்பிடி தழை போதும். கல்யாண முருங்கை, கொத்தமல்லி, முள்ளங்கித் தழை இப்படி மாத்தி மாத்திக் கொடுங்க. வேலிமசால், அகத்தி, முருங்கையில புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். குட்டிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் நல்லது. சும்மா உட்கார்ந்திருக்கிற பெரிய முயலுக்கு அதையே தினமும் போட்டா, மிச்சச் சுண்ணாம்பு மூத்திரத்துல மாவு மாதிரி வெளியேறும், கல்லும் சேரலாம். கேரட் இனிப்புப் பண்டம். வாரத்துல ரெண்டு துண்டு போதும். புதுத் தழை எதையும் ஒரே நாள்ல அள்ளிப் போடாதீங்க, குடல் தாங்காது. தழையை அறுத்து நிழல்ல பரப்பி வையுங்க. குவிச்சு வெச்சா சூடேறிப் பூஞ்சை பிடிக்கும்.

நம்ம பக்கத்துக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். வெங்காயத்தாள் தோட்டத்துல மலிவாக் கிடக்குதுன்னு முயலுக்குப் போடவே கூடாது. வெங்காயம், பூண்டு வகை எல்லாமே ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். பச்சமலையிலேர்ந்து வர்ற மரவள்ளித் தழையிலயும், இளஞ்சோளப் பயிர்லயும் சயனைடு நஞ்சு உண்டு. எருக்கு, அரளி, ஊமத்தை, உண்ணிச்செடி, பார்த்தீனியம் பக்கமே போக வேண்டாம். பருத்திக்காட்டு ஓரத்துப் புல்லு நல்லாத்தான் இருக்கும், ஆனா பக்கத்துக்காரர் என்னிக்கு மருந்தடிச்சார்னு கேட்காம அறுக்காதீங்க. ஊசிப்புல் கதிர் முத்தினதும் அதை விட்டுடுங்க. அதோட முனை கண்ணுல குத்தினா கருவிழி கிழியும்.

இப்போ நெடி. மூத்திரம் தேங்கினா அம்மோனியா கிளம்பும். நாம நின்னு பார்க்கிறோம், நமக்கு லேசாத்தான் தெரியும். முயல் அதுமேலேயே நாள் பூரா படுத்திருக்கு. கண் சிவக்கும், இமை வீங்கும், மூக்கும் சேர்ந்து ஒழுகும். இயற்கை விவசாயிங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. அந்த நெடியா காத்துல போறது நம்ம வெங்காயத்துக்குப் போக வேண்டிய தழைச்சத்து. கம்பி வலைத் தரைக்குக் கீழே காய்ஞ்ச சருகும் மண்ணும் பரப்பி, ரெண்டு நாளைக்கு ஒருமுறை அள்ளி எருக்குழியில போட்டா கண்ணும் பிழைக்கும், எருவும் தேறும். கம்பி கால்ல குத்தாம இருக்க, படுக்க ஒரு பலகை போட்டு வையுங்க. மரத்தூளை மட்டும் பரப்பாதீங்க. நம்ம ஊர் மரச்சிற்பத்துக்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சது நமக்குப் பெருமைதான், ஆனா பட்டறையில சும்மா கிடைக்கிற அந்த நைஸ் தூள் முயலோட கண்ணுலயும் நுரையீரல்லயும்தான் போய்ச் சேரும்.

தினமும் தீனி போடும்போது ரெண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்க. முன்னங்காலோட உள்பக்க முடி ஒட்டிக்கிடந்தா, முயல் கண்ணையோ மூக்கையோ துடைச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். வெள்ளை முயலுக்குக் கண் பிறவியிலேயே சிவப்பு, அது நோய் இல்லை. பீளை கட்டியிருந்தா கொதிச்சு ஆறின தண்ணியில சுத்தமான பருத்தித் துணியை நனைச்சுத் துடைங்க, கண்ணுக்கு ஒரு துணி. அதோட நிறுத்திக்குங்க. நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய்னு அப்பாயிங்க சொல்லுவாங்க. மூலிகை மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா கருவிழியில கீறல் இருக்கான்னு தெரியாம எதையும் ஊத்துறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். வீட்டுல யாருக்கோ எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து இன்னும் மோசம். அதுல ஸ்டீராய்டு இருந்தா புண் ஆழமாகி, பூ விழுந்து, பார்வையே போகும். ஆட்டுக்கு வாங்கின ஆன்டிபயாடிக்கை வாய்வழியா கொடுக்கிறதும் ஆபத்து. பென்சிலின் வகை மருந்து முயலோட குடல்ல இருக்கிற நல்ல நுண்ணுயிரைக் கொன்னு, முயலையே கொன்னுடும்.

கண்ணை மூடியே வெச்சிருக்கு, கருவிழி வெளுத்திருக்கு, சீழ் வருது, கண் பிதுங்கியிருக்கு — இதுல எது இருந்தாலும் அன்னிக்கே கால்நடை மருத்துவர்கிட்ட போங்க. பல்லையும் சேர்த்துப் பாருங்கன்னு நீங்களே கேளுங்க. எச்சில் வழியுது, தீனியை வாயில எடுத்துக் கீழே போடுதுன்னா பல்லுதான். 12 மணி நேரம் எதுவும் தின்னலைன்னா கண்ணை விட அதுதான் அவசரம். குடல் ஓட்டம் நின்னா முயல் தாங்காது.

குட்டிங்க பிறக்கும்போது கண் மூடித்தான் இருக்கும், 10-லேர்ந்து 12 நாளுக்குள்ள திறக்கும். அதுக்கு மேலயும் ஒட்டியிருந்தா வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுத் துடைங்க, விரலால பிரிக்காதீங்க. மக்காச்சோளம் அறுக்கும்போது கண் திறந்து, முடியோட ஒரு சின்னக் குட்டி கிடந்தா அது காட்டு முயல். அது பிறக்கும்போதே கண் திறந்துதான் இருக்கும். தாய் பகல்ல பக்கத்துல இருக்காது, பொழுது சாஞ்சு வந்துதான் பால் கொடுக்கும். 1972-ம் வருச வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டுல வளர்க்கக் கூடாது. கிடந்த இடத்துலயே விட்டுட்டு, அந்த ஓரத்தை மறுநாள் அறுத்துக்கலாம்.