இந்த ‘க’ வேறு, அந்த ‘௧’ வேறு!

குட்டி நண்பர்களே, ஒரு தாளில் ‘க’ என்று எழுதுங்கள். பக்கத்திலேயே தமிழ் எண்ணில் ஒன்று எழுதுங்கள். ‘௧’. இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன, இல்லையா?

கணினியிடம் கேட்டால், “இரண்டும் வேறு வேறு” என்றுதான் சொல்லும். ஏனென்றால், அது எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. எழுத்துக்குரிய எண்ணைத்தான் பார்க்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கும் பட்டியலின் பெயர் யூனிகோடு. அதில் ‘க’ என்ற எழுத்துக்கு எண் 2965. ஒன்றைக் குறிக்கும் ‘௧’வுக்கு எண் 3047.

இப்படி இரட்டைப் பிள்ளைகள் மற்ற மொழிகளிலும் உண்டு. ஆங்கிலத்தின் சிறிய ‘ஏ’ எழுத்துக்கு எண் 97. ரஷ்ய மொழியை எழுத உதவும் சிரிலிக் எழுத்துகளிலும் அச்சு அசலாக அதே உருவத்தில் ஓர் எழுத்து இருக்கிறது. அதன் எண் 1072.

இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? தூண்டில் போடுகிறவர் முள்ளில் புழுவை மாட்டுவார். மீனுக்குப் புழு தெரியும், முள் தெரியாது. இணையத்திலும் சில திருடர்கள் வங்கியைப் போலவோ, விளையாட்டுத் தளத்தைப் போலவோ போலித் தளம் செய்து, நம் கடவுச்சொல்லைப் பிடுங்கப் பார்ப்பார்கள். இதற்கு ஃபிஷிங் என்று பெயர். முகவரியே அசல் போல இருந்துவிட்டால் யார்தான் ஏமாறமாட்டார்கள்?

இணைய முகவரியில் இரண்டு மொழி எழுத்துகள் கலந்திருந்தால் பிரவுசர் சந்தேகப்படும். சில எழுத்துகளை மட்டும் மாற்றி வைத்தால் பிடித்துவிடும். ஆனால் எல்லா எழுத்தும் சிரிலிக்காகவே இருந்தால்? 2017ஆம் ஆண்டு ஓர் ஆய்வாளர் அதைத்தான் செய்து காட்டினார். ஆப்பிள் நிறுவனத்தின் பெயரில் உள்ள ஐந்து எழுத்துகளுக்கும் சிரிலிக் இரட்டைகளைப் போட்டு ஒரு முகவரி பதிவு செய்தார். குரோம் பிரவுசர் அதை ‘ஆப்பிள் டாட் காம்’ என்றே காட்டியது. பாதுகாப்பைக் குறிக்கும் பூட்டுப் படமும் கூடவே வந்தது! அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஓட்டை இருக்கிறது என்று குரோமை உருவாக்குகிறவர்களுக்கு முன்பே தெரிவித்திருந்தார்.

அவர்கள் என்ன செய்தார்கள்? அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த குரோம் 58ஆம் பதிப்பில் புது விதி சேர்த்தார்கள். அதன்பின் அந்த முகவரி, பெயருக்குப் பதிலாகப் புரியாத எழுத்தும் எண்ணுமாகத் தெரிந்தது. வேஷம் கலைந்துவிட்டது!

நம் வீட்டுக் கணினியில் “அப்டேட் செய்யவும்” என்று வருகிறதே, அதற்குள் இப்படிப்பட்ட விதிகளும் ஒட்டுப்போட்ட இடங்களும்கூட இருக்கின்றன. அதைத் தள்ளிப்போடக் கூடாது. அப்டேட் வெளிவந்தவுடன், எங்கே ஓட்டை இருந்தது என்பது திருடர்களுக்கும் தெரிந்துவிடும். அப்டேட் செய்யாத கணினியைத்தான் அவர்கள் தேடுவார்கள்.

பிரவுசரிடம் போலித் தளங்களின் பட்டியலும் உண்டு. அதில் உள்ள தளத்துக்குப் போனால் சிவப்புப் பக்கம் காட்டித் தடுக்கும். ஆனால் இன்று காலை முளைத்த போலித் தளம் அந்தப் பட்டியலில் ஏறச் சிறிது நேரமாகும். அதுவரை நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும். “பரிசு விழுந்திருக்கிறது, இங்கே தொடு” என்று வரும் இணைப்பைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கடவுச்சொல்லைத் தவறிக் கொடுத்துவிட்டால் பயந்து மறைக்காமல் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அவர்கள் இணைய மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

இன்னொன்று. அப்டேட் இறங்கியிருந்தாலும், பிரவுசரை ஒருமுறை மூடித் திறந்தால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். பல வீடுகளில் நாள்கணக்கில் மூடுவதே இல்லை. இன்று உங்கள் வீட்டில் அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள், செல்லங்களே!