தோள்பையில் ஓர் அலுவலகம்

அந்நாளில் வீட்டிற்கு வந்து வைத்தியம் பார்த்த மருத்துவர்கள் கையில் ஒரு பெட்டி கொண்டுவருவார்கள். இன்று கணிப்பொறி பழுது பார்ப்பவர்களில் பலரும் அப்படித்தான் வருகிறார்கள். சொந்தமாகத் தொழில் செய்யும் இவர்களில் பலருக்குக் கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஓர் இருசக்கர வண்டி, ஒரு தோள்பை, ஒரு கைப்பேசி: இவையே அலுவலகம். அந்தப் பையில் என்ன இருக்கிறது? திறந்து பார்ப்போமா?

ஒரு மளிகைக் கடையிலிருந்து அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "நேற்று வரை நன்றாக ஓடியது. இன்று காலையிலிருந்து எந்த இணையதளமும் திறக்கவில்லை." நம்மவர் தொலைபேசியிலேயே ஒரு கேள்வி கேட்கிறார்: "இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவீர்களா?" "ஆமாம், தினமும்." இந்தப் பதிலைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு புறப்படுகிறார்.

முதல் கருவி கைப்பேசி

கடைக்குப் போனதும் அவர் திருப்புளியை எடுப்பதில்லை. தம் கைப்பேசியைக் கடையின் வைஃபையில் இணைத்துப் பார்க்கிறார். இணையதளங்கள் திறக்கின்றன. ஆகவே இணைப்பில் குற்றமில்லை, குற்றம் கணிப்பொறிக்குள்தான். ஒரே சோதனையில் பாதிக் காரணங்கள் கழிந்துவிட்டன!

அடுத்து, திரையின் மூலையிலுள்ள தேதியைப் பார்க்கிறார். அது பல ஆண்டுகள் பின்னால் நிற்கிறது. இதற்கும் இணையத்திற்கும் என்ன தொடர்பு? பாதுகாப்பான ஒவ்வோர் இணையதளமும் தன்னை இன்னார் என்று காட்ட ஒரு மின்னணுச் சான்றிதழை நீட்டுகிறது. அது எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்பதும் அதில் உண்டு. கணிப்பொறி அதைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறது. கடிகாரம் பின்தங்கியிருந்தால், "இந்தச் சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவேயில்லை" என்று மறுத்துவிடுகிறது.

மின்சாரம் இல்லாதபோது அந்தக் கடிகாரத்தை ஓட்டுவது நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம். அதன் பெயர் சி.ஆர். 2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். அதை மாற்றக் கணிப்பொறியைத் திறக்க வேண்டும்.

திறப்பதற்கு முன்

அதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது. கடைக்காரரின் கணக்குக் கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றில் நகல் எடுக்கிறார். உதிரிபாகம் கெட்டால் வேறு வாங்கலாம். பல ஆண்டுக் கணக்கு அழிந்தால் எந்தக் கடையில் வாங்குவது? கடவுச்சொல்லை உரிமையாளரே தட்டுகிறார். தேவையற்ற கோப்புகளை நம்மவர் திறப்பதில்லை. நம்பிக்கை போனால் தொழிலும் போய்விடும் அல்லவா?

பிறகு மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் கம்பியைக் கணிப்பொறியின் உலோகச் சட்டத்தில் மாட்டுகிறார். தலைவாரிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துண்டுகளை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே நிலைமின்சாரம் நம் உடலிலும் சேர்கிறது. ஏறத்தாழ 3,000 வோல்ட் சேர்ந்தால்தான் 'சுருக்'கென்று நமக்குத் தெரியும். நுண்ணிய மின்னணுப் பாகங்கள் சிலவோ சில நூறு வோல்ட்டிலேயே கெட்டுவிடும். பட்டை, உடலையும் சட்டத்தையும் ஒரே மின்னழுத்தத்தில் வைத்து இதைத் தடுக்கிறது. அதில் 10 லட்சம் ஓம் மின்தடையும் உண்டு. தவறுதலாக 230 வோல்ட் பட்டால்கூட, ஓம் விதிப்படி அதன் வழியே பாய்வது 0.00023 ஆம்பியர்தான். நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இப்போது மல்டிமீட்டர். புது மின்கலம் 3 வோல்ட் காட்டவேண்டும். இது 2 வோல்ட்டைக்கூட எட்டவில்லை. மாற்றியாயிற்று, தேதியும் திருத்தியாயிற்று. இணையதளங்கள் திறக்கின்றன!

பையில் இல்லாதது

கணிப்பொறி தொடங்கவே மறுத்தால்? லினக்ஸ் இயக்க மென்பொருள் பதிந்த பென் டிரைவ் ஒன்று பையில் இருக்கிறது. அதைக்கொண்டு கணிப்பொறியைத் தொடங்கி, கோப்புகளை மீட்க முயலலாம்.

ஆனால் வன்தட்டு 'டக், டக்' என்று ஒலித்தால் நம்மவர் உடனே அணைத்துவிடுவார். உள்ளே நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின்மேல், படிக்கும் முனை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர்! முனை தட்டில் உரசினால் காந்தப் பூச்சு சுரண்டப்பட்டுவிடும். மீண்டும் மீண்டும் இயக்கினால் எஞ்சிய தகவலும் போகும். அதைத் திறக்கத் தூசியற்ற தனி அறை வேண்டும். "இது என் பையால் ஆகாது" என்று சொல்லி, அத்தகைய ஆய்வகத்திற்கு அனுப்புவதே நேர்மை.

கடைசியாகப் பையிலிருந்து ரசீதுப் புத்தகம் வருகிறது. தேதி, புகார், செய்த சோதனைகள், மாற்றிய பொருள், கூலி எல்லாவற்றையும் எழுதி ஒரு நகலைக் கடைக்காரரிடம் தருகிறார். அடுத்த முறை அழைப்பு வந்தால் அந்தக் குறிப்பிலிருந்தே வேலை தொடங்கும்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ கணிப்பொறி இருந்தால் இன்று இரண்டைச் சோதியுங்கள். கடிகாரம் சரியாக ஓடுகிறதா? முக்கியமான கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் நகல் இருக்கிறதா? இரண்டாவதற்கு 'இல்லை' என்பது விடையானால், அந்த வேலையை நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.